பூண்டு மணக்காத அறை

"இன்னைக்குச் சாயங்காலம் சரக்கு வண்டி கிளம்பும். அதோட சேர்த்து அவரையும் அனுப்பிடப் போறேன். அதுக்குள்ள நீங்க வேற யாரையாவது காட்டினா சரி. இல்லேன்னா அவர்தான்."

காளான் பண்ணையின் முதலாளியம்மா இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது. தலையை இறுக்கி மூடிய துணித்தொப்பி, கையில் ரப்பர் உறை, முழங்கால் வரை பூட்ஸ். பண்ணைக்குள் யார் வந்தாலும் அதுதான் சீருடை. எங்களுக்கும் வாசலிலேயே ஆளுக்கொரு தொப்பி மாட்டி விட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஆபரேஷனுக்குத் தயாராகி, டாக்டர் ஓடிப்போனதால் திரும்பி வந்த நோயாளி மாதிரி இருந்தேன்.

"அவர்னா யாரு?" என்றார் மேடம்.

"கலவைக்காரர். வைக்கோல் ஊறவைக்கிற தொட்டி அவர் பொறுப்பு. என் வீட்டுக்காரர் இருந்த காலத்துலருந்தே இங்கதான் இருக்கார். பாய்லருக்குப் பின்னாடி ஒரு ரூம், அதுலதான் தங்கல். சொந்தம்னு சொல்லிக்க யாரும் கிடையாது. போறதுக்கு இடமும் கிடையாது."

"போக இடமில்லாதவர் இருக்கிற இடத்தைக் கெடுப்பாரா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்," என்றார் முதலாளியம்மா.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் துப்பறியும் தொழிலில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். துப்பே இல்லாத வழக்கில்கூட எதையாவது மோப்பம் பிடித்துவிடுவார் என்று பேர் வாங்கியவர். இதில் ஒரே ஒரு சிக்கல். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மூக்கை மொத்தமாகப் பறித்துக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். உலகத்தில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மேடம். இன்னொருவன் நான். அவருடைய உதவியாளன், டிரைவர், இரவல் மூக்கு. என்னை எல்லோரும் வாலு என்பார்கள். வாயால் வந்த பெயர்.

பண்ணை ஒரு காலத்தில் குளிர்பதனக் கிடங்காக இருந்த கட்டடம். நடுவில் நீளமான நடை. நடையின் ஓரத்தில் நான்கு அறைகள். மேலே முதலாளியம்மாவின் வீடு. சுற்றிலும் வெட்டவெளி. பக்கத்துக் கட்டடத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கவே பைனாகுலர் வேண்டும்.

முதல் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே மங்கலான வெளிச்சம், முகத்தில் அப்பும் ஈரம். கூரையிலிருந்து கயிற்றில் பைகள் வரிசையாகத் தொங்கின. பைக்குள் வைக்கோல். பையில் போட்ட துளைகள் வழியாக வெள்ளைச் சிப்பிக் காளான்கள் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்த்தன.

"காளானுக்குப் பெரிய எதிரி யாருன்னு தெரியுமா?" என்றார் முதலாளியம்மா.

"சாப்பிடறவங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பச்சைப் பூஞ்சை. ஒரு பையில வந்தா அறையே போச்சு. அதுக்குத்தான் ஊறவைக்கிற தண்ணியில செலினியம் உப்பைத் துளித்துளியா கலக்கறோம். அது பச்சையை அமுக்கிடும். காளானும் அதைக் கொஞ்சம் உறிஞ்சி வெச்சுக்கும். சாப்பிடறவங்களுக்கு அது சத்து. எங்க பாக்கெட்டுல அதைத்தான் பெருசா போட்டிருக்கோம். எல்லாம் என் வீட்டுக்காரர் கொண்டுவந்த முறை."

"அப்புறம் எப்படிப் பச்சை வருது?"

"மூணாவது அறைக்கு மட்டும் வருது. அழிச்சுட்டு மறுபடி போட்டாலும் வருது. அதே வைக்கோல், அதே விதை, அதே தண்ணி. இன்னொரு தடவை வந்தா சரக்கே வேணாம்னு பெரிய கடைக்காரங்க சொல்லிட்டாங்க. என் கொழுந்தனார் வாரா வாரம் போன் பண்றார். 'வித்துடுங்க அண்ணி, தனியா என்ன பண்ணப் போறீங்க'ன்னு."

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "கொழுந்தனார் இங்க வருவாரா?"

"அவங்க அண்ணன் போனப்போ வந்தார். அதுக்கப்புறம் போன்தான்."

"அப்போ அவர் இல்ல," என்றார் மேடம்.

"போன் வழியா பூஞ்சை பரவாது," என்று நானும் சான்றிதழ் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

மேடம் என் முழங்கையைத் தொட்டார். மோந்து பார் என்று அர்த்தம். இழுத்துப் பார்த்தேன். ஈர வைக்கோல், அதற்கு மேலே லேசாக வேறொன்று.

"பூண்டு வாசம் வருதே?"

"அது செலினியத்தோட வாசம். காளான் அதைத் தின்னுட்டு மீதியைக் காத்துல விடும்."

"ஏப்பமா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன். வாசம் வந்தா மருந்து சேர்ந்திருக்குன்னு அர்த்தம். பறிக்கிறவங்களுக்கெல்லாம் நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். ஆனா எனக்கு இப்பல்லாம் அந்த வாசமே தெரியறதில்ல. பழகிப்போச்சு போல."

இரண்டாவது அறையிலும் பூண்டு. நான்காவதிலும் பூண்டு. நடை குறுகலானது. ஒதுங்கி வழிவிடும்போது முதலாளியம்மா என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவர் மூச்சிலும் பூண்டு. காலைச் சாப்பாட்டில் தாராளமாகப் போட்டிருப்பார் போலிருக்கிறது. நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

மூன்றாவது அறை வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"நான் உள்ள வர மாட்டேன். பச்சை பிடிச்ச அறைக்குள்ள போன கையும் காலும் மத்த அறைக்குள்ள போகக் கூடாது. அதனால பறிக்கிறவங்களையும் விடறதில்ல. கலவைக்காரர் மட்டும்தான் போவார், அதுவும் கடைசியா. நீங்களும் பார்த்து முடிச்சிட்டு பின்பக்கமா வெளிய போயிடுங்க."

அவர் பூட்ஸ் சத்தம் நடையில் தேய்ந்து போகும்வரை மேடம் காத்திருந்தார். உள்ளே போனோம். பாதிப் பைகளில் கரும்பச்சைத் திட்டுகள். மீதிப் பைகள் நன்றாகவே இருந்தன. அவற்றில் காளான் பறித்த தடங்கள் சுத்தமாகத் தெரிந்தன.

"வாலு, என்ன வாசம்?"

"வைக்கோல். அந்த மூலையில பச்சைக்குப் பக்கத்துல லேசா தேங்காய் வாசம்."

"பூண்டு?"

மறுபடி இழுத்தேன். பைக்குப் பை மூக்கை வைத்தேன். "சுத்தமா இல்ல மேடம்."

"அப்போ இந்த வைக்கோலுக்குச் செலினியமே போகல. பூஞ்சை யாரும் கொண்டுவந்து வைக்கல. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, திருடன் தானா வந்துட்டான்."

"காவல்காரனை அனுப்பினது கலவைக்காரர். வழக்கு முடிஞ்சுது. சாப்பிடப் போகலாமா?"

"ஏன்னு தெரியாம எப்படி முடியும்? கெடுக்கணும்னு நினைக்கிறவன் பெரிய அறையை விட்டுட்டு, இருக்கிறதுலயே சின்ன அறையை ஏன் எடுத்துக்கறான்?"

கலவைக்காரர் தொட்டியருகில் வைக்கோலைக் கம்பால் அழுத்திக்கொண்டிருந்தார். ஒல்லியாக, உயரமாக, தாழ்ந்த கூரைகளுக்குக் கீழே பாதி வாழ்நாள் நடந்ததால் கொஞ்சம் குனிந்தே நின்றார். மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மூணாவது அறை வைக்கோலுக்கு மருந்து கலந்தீங்களா?"

"கலந்தேங்க."

"அங்க வாசமே இல்லையே?"

கம்பு ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "நீங்க போலீசுங்களா?"

"இல்ல."

"அப்போ கலந்தேங்க."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. பொய்யைக்கூட மரியாதையாகச் சொன்னார். மருந்துப் பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்றதும் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். பாட்டிலின் மேலே மண்டை ஓட்டுப் படம், கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கைகள். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் மாறியிருந்தது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பாதியை உள்ளே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அப்படிச் செய்தால்தான் சம்பளம் வாங்குகிற மாதிரி இருக்கும் என்பார்.

எடை போடுமிடத்தில் பறிக்கிற அக்கா ஒருத்தர் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடின.

"மூணாவது அறைக் காளானா? அது எடைக்கே வராது தம்பி. அவரே பறிச்சு அவரே குப்பைக் குழியில போட்டுடுவாரு. பாவம் அந்த மனுஷன். இன்னைக்கோட சீட்டுக் கிழியுதாமே? காலையிலருந்து எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்."

"முதலாளியம்மா எப்படி?"

"நல்லவங்கதான். ஆனா யார்கூடயும் ஒட்ட மாட்டாங்க. அய்யா போனதுக்கப்புறம் ரொம்பவே ஒதுங்கிட்டாங்க. சொல்ல வேண்டியதை வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. சாப்பாடு கூட ஒழுங்கா இல்ல. அடுப்பு மூட்டவே பிடிக்கல போல. மூணு வேளையும் நம்ம காளான்தான். தினமும் ஒண்ணாவது அறையிலருந்து ஒரு கூடை மேல போகும், அவர்தான் கொண்டுபோய் வைப்பாரு."

குப்பைக் குழி கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. பச்சை பிடித்த வைக்கோல் குவியலாகக் கிடக்க, அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கூடைக் காளான். வாடாதது. காலையில் பறித்தது. கண்காட்சிக்கு வைக்கலாம். மேடம் கண்ணைக் காட்டினார். என் தலையெழுத்தை நொந்தபடி குழிக்குள் குனிந்து ஒன்றை எடுத்து மோந்தேன்.

மறுபடி மோந்தேன்.

"மேடம், இதுல பூண்டு வாசம் வருது."

"வரக் கூடாதே. மூணாவது அறைக் காளான்ல வாசம் இல்லைன்னு இப்பத்தானே சொன்ன?"

"அப்போ இது மூணாவது அறைக் காளான் இல்ல!"

"ஒண்ணாவது அறைக் காளான் குப்பையில கிடக்கு. மூணாவது அறைக் காளான் எங்கேயோ போகுது. எங்க போகுதுன்னு யோசி."

யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் ஒரு கூடை மேலே போகிறது என்று அக்கா சொன்னாரே. பூஞ்சை பிடித்த அறையில் விளைந்ததை அந்த மனுஷன் முதலாளிக்கே ஊட்டிக்கொண்டிருக்கிறான்!

"இப்பவே போய்ப் பிடிக்கலாம் மேடம்."

"அவரைக் கையும் களவுமா பார்க்கணும். முதல்ல சாப்பிடு."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் வீட்டுக்குப் போகும் பின்பக்க மாடிப்படி தெரியும். மேடம் தன் டிபன் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"கெட்டுப் போயிருக்கா பாரு."

மோந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தினமும் இது நடக்கும். நான் சொன்ன பிறகுதான் அவர் வாயில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறார் என்று ஒரு முறை கேட்டேன். பிஸ்கட் என்றார். தனிக்கட்டை. போன மாதம் ஒரு ஞாயிறு திரிந்த பாலைக் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். அது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப் பால்காரரைப் பற்றி ஏதோ ஜோக் சொன்னேன்.

"வாசம் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்டா," என்றார் மேடம், டப்பாவைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்தார். "இந்த முதலாளியம்மாவும் வாசம் தெரியலைன்னுதானே சொன்னாங்க?"

"பழகிப்போச்சுன்னாங்க."

"பறிக்கிற அக்காவும் நாள் முழுக்க அந்த அறைகள்லதான் இருக்கு. அதுக்குப் பழகலையே. இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் பழகுச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாடிப்படியில் ஆள் தெரிந்தது. கலவைக்காரர். கையில் துணி போட்டு மூடிய கூடை. ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு நாங்களும் ஏறினோம். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். சமையலறை. அவர் கூடையைத் திறந்து, மேடையில் இருந்த பாத்திரத்தில் காளான்களைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். மேலாக ஒரு ஈரத்துணியைப் போர்த்தினார். வேலை முடிந்தது. ஆனால் போகவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். போவதா வேண்டாமா என்று அந்த நீண்ட உடம்பு தத்தளித்தது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. கடைசியில் உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே பழுப்பு நிறப் பொடி.

நான் பாய்ந்துவிட்டேன்.

"ஜாடியைக் கீழ வைங்க!"

அவர் வைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். என் சத்தம் கீழே வரை கேட்டிருக்க வேண்டும். முன்பக்க மாடியில் தடதடவென்று காலடிகள். முதலாளியம்மா வாசலில் வந்து நின்றார்.

"என் ரூமுக்குள்ள போனீங்களா?"

"போனேம்மா."

"அது என் பொடி. அதை எதுக்கு எடுக்கறீங்க?"

கொஞ்சமும் யோசிக்காமல் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மருந்து போடாத மூன்றாவது அறை, குப்பையில் கிடந்த நல்ல காளான், மேடைமேல் இருக்கும் பாத்திரம். சொல்லச் சொல்ல முதலாளியம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இத்தனை நாளா அந்த அறைக் காளானையா எனக்குப் போட்ட?" மரியாதை சட்டென்று கழன்று விழுந்தது. "என் அறையை அழிச்சது நீதான். என் உடம்பையும் அழிக்கப் பார்த்தியா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

கீழே சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. கலவைக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு முறை தலையசைத்தார். "ஒரு குறையும் இல்லம்மா. நான் வண்டியிலயே போயிடறேன். இந்த ஜாடியை மட்டும் எடுத்துட்டுப் போக விடுங்க."

"பார்த்தீங்களா மேடம், என்ன தைரியம்!" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி உயரமாகிவிட்டேன். அவர் சமையலறையைச் சுற்றி மெதுவாக நடந்தார். அலமாரிகளைத் திறந்தார், கூடைகளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வாலு, காலையில இந்த அம்மா உன் பக்கத்துல நின்னு பேசினாங்க. ஏதாவது வாசம் வந்துச்சா?"

எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. "அது... மேடம்..."

"சொல்லு."

"பூண்டு வாசம். சாப்பாட்டுல போட்டிருப்பாங்க."

"இந்தச் சமையலறையில பூண்டைத் தேடி எடு."

தேடினேன். உப்பு இருந்தது. எண்ணெய் இருந்தது. பூண்டு இல்லை. வெங்காயம்கூட இல்லை. ஒரு வீட்டுச் சமையலறை இவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. காளான் பாத்திரம் ஒன்றுதான் அங்கே ஆள் இருப்பதற்கு அடையாளம்.

"நான் பூண்டு சாப்பிட்டு மாசக் கணக்காச்சு," என்றார் முதலாளியம்மா குழப்பத்துடன்.

மேடம் அவர் அருகில் போய் மிக மென்மையான குரலில் கேட்டார். இந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

"தொப்பியைக் கழட்டறீங்களாம்மா?"

முதலாளியம்மாவின் கை தானாகத் தலைக்குப் போனது. கழற்றவில்லை, பிடித்துக்கொண்டது. மேடம் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொப்பியை எடுத்தார். முடி திட்டுத்திட்டாக உதிர்ந்து, மண்டை தெரிந்தது. உறையையும் கழற்றினார். நகங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இரண்டு நகம் பாதியில் உடைந்திருந்தது.

"அவர் போனதிலருந்து இப்படித்தான்," என்றார். "துக்கம் உடம்பைத் தின்னுடும்னு சொல்வாங்களே. சோர்வா இருக்கும். வயித்தைப் புரட்டும். அதான் நம்ம காளானையே காயவெச்சுப் பொடி பண்ணி, காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டின்னு சாப்பிட்டேன். சத்தாச்சேன்னு. அப்பவும் சரியாகல. அதனால இன்னும் கொஞ்சம் கூட்டினேன்."

"கூட்டினீங்க. மூணு வேளையும் காளான், அதுக்கு மேல பொடி. உங்க பாக்கெட்டை வாங்கறவங்க எப்பவாவது ஒரு நாள் சமைப்பாங்க, அவங்களுக்கு அது சத்து. உங்க உடம்புல அது மலையா குவிஞ்சு கிடக்கு. முடி, நகம், வயிறு, மூச்சுல பூண்டு, எல்லாம் அந்தப் பாட்டில்லயே போட்டிருக்கு. உங்களைத் தின்னது துக்கம் இல்லம்மா. அறை அறையா போயும் உங்களுக்கு வாசம் தெரியல. ஏன்னா அதே வாசம் உங்களுக்குள்ளயே இருக்கு."

முதலாளியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இவர் உங்களுக்குக் கொடுத்தது கெட்ட காளான் இல்ல," என்றார் மேடம். "செலினியம் இல்லாத காளான். அப்படி ஒண்ணு இந்தப் பண்ணையிலயே கிடையாது. அதனால ஒரு அறையை மருந்தில்லாம போட்டார். பச்சை வந்துச்சு. வராத பையாப் பார்த்துப் பறிச்சு, யாருக்கும் தெரியாம உங்க பாத்திரத்துல மாத்தி வெச்சார். ஆனா பழைய காளான்ல பண்ணின பொடி ஜாடி உங்க ரூம்ல இருக்கு. அங்க இவர் கால் வைக்க முடியாது. இன்னைக்கு வேலை போகுதுன்னு தெரிஞ்சதும் துணிஞ்சுட்டார்."

நான் ஜாடியைப் பார்த்தேன். அதை அவர் இன்னும் நெஞ்சோடுதான் வைத்திருந்தார். இவ்வளவு நேரம் திருடனைப் பிடித்த பெருமையில் நிமிர்ந்திருந்த என் தலை தானாகக் குனிந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கலவைக்காரரிடம் கேட்டார் முதலாளியம்மா. மரியாதை திரும்பி வந்துவிட்டிருந்தது.

"முன்னாடி ஒரு தடவை பாட்டில் மூடியை வாயால கடிச்சுத் திறந்தேம்மா. அப்போ எனக்கும் இந்த வாசம் வந்துச்சு. அய்யாதான் கண்டுபிடிச்சுத் திட்டினாரு. அப்புறம் உங்ககிட்ட அதே வாசம் வந்தப்போ புரிஞ்சுது. பொடி வேணாம்மான்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என் சாப்பாட்டுல தலையிடாதீங்கன்னுட்டீங்க."

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே! ஒரு அறையே போச்சு. உங்க வேலையும் போயிருக்கும்."

"எப்படிம்மா சொல்றது? ஒரு பொம்பளைகிட்டப் போய், வாயில வாசம் வருதுன்னா?" அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "அதுவும் போகட்டும். சில நாள் மாடிப்படியிலயே கூடையை நீங்க வாங்கிக்கறப்போ ஒரு நொடி பக்கத்துல நிப்பீங்க, அப்பத்தான் தெரியும். சொன்னா, அவ்வளவு பக்கத்துல நீ எதுக்கு மூச்சை இழுத்தேன்னு கேப்பீங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

கீழே வண்டி மறுபடி ஹாரன் அடித்தது. டிரைவர் யாரையோ ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்களே என்று சத்தமாகக் கேட்டார். முதலாளியம்மா ஜன்னல் பக்கம் போய், "யாரும் வரல, நீ போ," என்றார். வண்டி கிளம்பிப் போன சத்தம் வெட்டவெளியில் ரொம்ப தூரம் வரை கேட்டது.

மேடம் தொழில் முறையில் பேசி முடித்தார். நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பொடியை இன்றோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது அறைக்கு மருந்து கலந்துவிடலாம், காளான் பிழைத்துக்கொள்ளும். "சாப்பாட்டுக்குக் காளானைத் தவிர வேற எதை வேணும்னாலும் வாங்குங்க," என்றார்.

"பூண்டைக்கூட," என்றேன். ஆச்சரியம், முதலாளியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

"என் வீட்டுக்காரர் போனப்போ எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா மேடம்?" என்றார். "அப்புறம் எல்லாரும் வாசலோட நின்னுட்டாங்க. நானும் அதுவே நல்லதுன்னு இருந்துட்டேன். என் மூச்சு எப்படி இருக்குன்னு தெரியற தூரத்துல இந்த வருஷம் பூரா ஒரு ஆள் வரல."

"ஒருத்தர் வந்திருக்கார்," என்றார் மேடம்.

முதலாளியம்மா திரும்பினார். தொப்பியை மறுபடி போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். போடவில்லை. அப்படியே, வெறுந்தலையோடு, கலவைக்காரரிடம் கேட்டார்.

"இப்பவும் வருதா?"

அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. ஜாடியை மேடைமேல் வைத்தார். தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். எங்கள் எல்லோருக்கும் எதிரில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒளிக்காமல் மூச்சை இழுத்தார்.

"வருதும்மா."

"நிறையவா?"

"நிறையத்தான்."

"அப்போ தினமும் வந்து பார்த்துச் சொல்லுங்க."

அவர் கேட்கக் கூடாததைக் கேட்பது போல மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரியாப் போனதுக்கப்புறம்?"

"போயிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முதலாளியம்மா. "நீங்க வந்து சொன்னாத்தானே."